குமுளியில் ஒரு மாலை ஆங்கில வகுப்பு: காலச் சொற்களுக்காகவே சேரலாம்

குமுளியில் ஏலக்காயும் மிளகும் மொத்தமாக வாங்கி விற்கும் ஒரு கடையில் பதினொரு ஆண்டுகளாகக் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் பார்த்து வருகிறேன். இந்த ஊரில் ஆங்கில வகுப்புகளுக்குக் குறைவில்லை. சுற்றுலாப் பயணிகளிடம் பேச வேண்டியவர்களும், வளைகுடா நாடுகளுக்குப் போக விரும்புகிறவர்களும் ஏதாவது ஒன்றில் சேர்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நான் சேர்ந்த வகுப்பு தேக்கடிச் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில், ஒரு வீட்டின் மாடியில் நடக்கிறது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் தனியாக நடத்துகிறார். விளம்பரம் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் வகுப்பின் பெயரை எழுதவில்லை. திங்கள், புதன், வெள்ளி மாலைகளில் ஆறரை முதல் எட்டு வரை, எட்டு வாரத்தில் 24 வகுப்புகள். கட்டணம் 3,600 ரூபாய். அவற்றில் ஒன்பது வகுப்புகளை அவர் காலத்தைக் குறிக்கும் சொற்களுக்கென்றே ஒதுக்குகிறார். இந்த மதிப்புரை பெரும்பாலும் அந்த ஒன்பது வகுப்புகளைப் பற்றியது, ஏனெனில் நான் பணம் கட்டியது அவற்றுக்காகத்தான்.

நான் சேர்ந்ததற்கு ஒரு மின்னஞ்சல் காரணம். இங்கிலாந்தில் உள்ள ஒரு வாங்குநர், 8 எம்.எம். பருமனுள்ள பச்சை ஏலக்காயின் மாதிரியை ‘ஃப்ரைடே வீக்’ அனுப்பினால் போதும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தார். இந்த வாரத்து வெள்ளிக்கிழமையைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டு, கையில் இருந்த சரக்கிலிருந்தே மாதிரி எடுத்துக் கூரியரில் அனுப்பிவிட்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஏலத்தில் எங்கள் முதலாளிக்கு அதைவிட லிட்டர் எடை (ஒரு லிட்டர் அளவில் கொள்ளும் காயின் எடை) கூடிய, நிறம் நன்றாக நின்ற சரக்கு கிடைத்தது. ஆனால் வாங்குநர் பழைய மாதிரியை வைத்தே விலை பேசி, கேட்க நினைத்திருந்த அளவில் பாதிக்குத்தான் ஒப்புக்கொண்டார். ‘ஃப்ரைடே வீக்’ என்றால் வரும் வெள்ளிக்கு ஒரு வாரம் கழித்து வரும் வெள்ளி என்பது பிறகுதான் தெரிந்தது. பிரிட்டனில் அன்றாடம் புழங்கும் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஏழு நாள் அவகாசம் என் கண்முன்னே இருந்தும் அதை நான் படிக்கத் தவறினேன்.

இனி வகுப்புக்கு வருகிறேன். முதல் நாளில் டீச்சர் கரும்பலகையில் ஒரு நீண்ட கோடு போட்டார். அந்தக் கோட்டில் சில சொற்கள் ஒரு புள்ளியைத் தொடும், சில சொற்கள் ஒரு நீளத்தை மூடும், எந்தச் சொல் எதைச் செய்கிறது என்று தெரிந்தால் பாதி ஆங்கிலம் வந்துவிடும் என்றார். அவர் மலையாளி, கட்டப்பனைப் பக்கத்துக்காரர். ஆனால் எல்லையோரப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர் என்பதால், எங்கள் பிழைகள் எங்கிருந்து வருகின்றன என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக, ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்றும் ‘பத்து நாளைக்குள்’ என்றும் நாம் ஒரே ‘க்குள்’ளை இரண்டுக்கும் வைக்கிறோம். ஆங்கிலம் முதலாவதை ஒரு புள்ளியாக எடுத்துக்கொண்டு ‘பை’ என்கிறது; இரண்டாவதை ஒரு நீளமாக எடுத்துக்கொண்டு ‘வித்தின்’ என்கிறது. பள்ளியில் ‘பை’ என்றால் ‘ஆல்’ என்று மட்டும் படித்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தப் பயன் வாழ்நாள் முழுவதும் கைக்கு எட்டாமலே போகிறது. அதனால் கடிதங்களில் ‘பை’ வர வேண்டிய இடத்தில் ‘அன்டில்’ வந்து உட்காருகிறது. வெள்ளிக்குள் பணம் கட்டுங்கள் என்று சொல்ல நினைத்து, வெள்ளி வரை தொடர்ந்து கட்டிக்கொண்டே இருங்கள் என்று எழுதிவிடுகிறோம். தமிழில் ‘க்குள்’ளையும் ‘வரை’யையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்முன் தமிழில் ஒரு முறை சொல்லிப்பாருங்கள் என்பது அவருடைய அறிவுரை. வேறு எந்த ஆசிரியரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் யோசியுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டையும் அவர் நடத்திய விதமும் இதே வழிதான். ‘மூன்று ஆண்டுகளாக’ என்பதில் உள்ள ‘ஆக’ நீளத்தைச் சொல்கிறது, அது ‘ஃபார்’. ‘2019 முதல்’ என்பது தொடங்கிய புள்ளியைச் சொல்கிறது, அது ‘சின்ஸ்’. இந்த வேறுபாடு தமிழில் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது நாம் ‘சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்று எழுத வேண்டிய தேவையே இல்லை. உண்மையான சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன் என்று தமிழ் நிகழ்காலத்தில் சொல்லிவிடுகிறது. ஆங்கிலமோ கடந்து வந்த நீளத்தையும் இன்றைய நாளையும் ஒன்றாகக் கட்டுவதற்கென்று தனி வினை வடிவம் வைத்திருக்கிறது. இதற்கு அவர் இரண்டு வகுப்புகள் எடுத்துக்கொண்டார். எனக்கு அது போதவில்லை; மூன்றாவது ஒன்று இருந்திருக்கலாம்.

வகுப்பின் சிறந்த நாள் என்று நான் நினைப்பது ஏழாவது வகுப்பு. எங்களோடு படித்தவர்களில் ஒருவர் ஜீப் ஓட்டுநர். விடியற்காலையில் பயணிகளைக் காட்டுப் பக்கம் அழைத்துச் செல்பவர். ‘ஹாஃப் சிக்ஸ்’ என்றால் ஆறரை என்று பிரிட்டன்காரர்களிடம் பழகி வைத்திருந்தார். ஒரு ஜெர்மானியக் குடும்பம் அதே சொல்லைச் சொன்னபோது ஆறரைக்குப் போய் நின்றிருக்கிறார். அவர்கள் ஐந்தரையிலிருந்து காத்திருந்து கோபத்தோடு நின்றார்களாம். டீச்சர் இதற்கு விளக்கம் சொன்னார். ஜெர்மன் மொழி ஆறை நோக்கிப் போகும் பாதி மணி என்று எண்ணுவதால் அங்கே அந்தச் சொல்லுக்கு ஐந்தரை என்று பொருள். பிரிட்டன்காரர்கள் ஆறைக் கடந்த பாதி என்று எண்ணுகிறார்கள். நம் ‘ஆறரை’யும் ஆறின் மேல் அரை சேர்ப்பதுதான். ஆனால் ஐந்தே முக்காலில் நாம் ஐந்திலேயே நின்றுகொண்டு முக்காலைக் கூட்டுகிறோம், ஆங்கிலம் ஆறுக்குப் போய் நின்று கால் மணியைக் கழிக்கிறது. இதுவரை ஆயிரம் முறை சொல்லியிருந்தும் இந்த வேறுபாட்டை நான் கவனித்ததில்லை. மணி சொல்வது ஒன்றாம் வகுப்புப் பாடம் என்று நினைத்து அன்று வராமல் இருந்த இரண்டு பேருக்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

அன்றைய தினம் அத்தோடு முடியவில்லை. மூலிகைக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், இந்த லேகியத்தை ஒரு மண்டலம் சாப்பிட வேண்டும் என்று வெளிநாட்டவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டார். மண்டலம் என்றால் எத்தனை நாள் என்று டீச்சர் திருப்பிக் கேட்டதும் அறை இரண்டாகப் பிரிந்தது. கம்பம், கூடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் 48 என்றார்கள், சித்த மருத்துவத்தில் அதுவே கணக்கு. மலையாளம் பேசுகிறவர்கள் 41 என்றார்கள். மலையாள விருச்சிக மாதம் முதல் தேதி தொடங்கும் சபரிமலை மண்டல காலம் 41 நாள்தானே! ஐயப்ப பக்தர்களின் வண்டிகள் ஆண்டுதோறும் இந்த ஊர் வழியாகப் போகும்போது இரண்டு கணக்குகளும் ஒரே தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கின்றன, யாரும் அதைக் கேட்டுக்கொள்வதில்லை. மருந்தில் ஏழு நாள் வித்தியாசம் சிறியது அல்ல. அந்தப் பெண் இப்போது எண்ணிக்கையையே சொல்லிவிடுகிறார்.

அச்சடித்துக் கொடுத்த குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில்தான் குறைகள் இருக்கின்றன. 64 பக்கக் குறிப்பேடு. விளக்கங்கள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளன. வகுப்பில் பாதிக்கு மேல் தமிழர்கள் இருக்கும்போது ஒரு பத்தி தமிழும் இல்லாதது சரியல்ல. அதைவிடப் பெரிய பிழை, ‘ஃபோர்ட்நைட்’ என்பதற்கு எதிரே 15 நாள் என்று அச்சாகியிருப்பது. அந்தச் சொல் பழைய ஆங்கிலத்தில் ‘பதினான்கு இரவுகள்’ என்பதன் சுருக்கம். ஏழு இரவுகளைக் குறிக்க ‘செனைட்’ என்ற சொல்லும் ஒரு காலத்தில் இருந்து வழக்கொழிந்தது. ஜெர்மானிய இனத்தவர் பகல்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுகிறார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பழக்கத்தின் எச்சமே இந்தச் சொல். நாம் இரண்டு வாரத்தைப் ‘பதினைந்து நாள்’ என்றும் ஒரு வாரத்தை ‘எட்டு நாள்’ என்றும் சொல்கிறோம், தொடங்கும் கிழமையையும் முடியும் கிழமையையும் சேர்த்து எண்ணுவதால். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்தைப் பதினைந்து நாள் என்றே சொல்கிறார்கள். ஆக, குறிப்பேட்டை எழுதியவர் அறியாமல் எழுதவில்லை. நம் எண்ணும் முறையை ஆங்கிலச் சொல்லுக்குள் வைத்துவிட்டார். ஆனால் எங்கள் தொழிலில் பணம் கட்டும் கெடு அந்த ஒரு நாளில் தவறும். முதல் தேதியிலிருந்து ஒரு ‘ஃபோர்ட்நைட்’ என்றால் 15ஆம் தேதி வரும், 16 வராது. நான் எடுத்துச் சொன்னபோது டீச்சர் உடனே ஒப்புக்கொண்டு எல்லோருடைய பிரதியிலும் பேனாவால் திருத்தச் சொன்னார். அமெரிக்கர்களிடம் இந்தச் சொல்லே பெரும்பாலும் புழக்கத்தில் இல்லை, அவர்களுக்கு ‘டூ வீக்ஸ்’ என்றே எழுத வேண்டும் என்பதையும் அப்போதுதான் சேர்த்தார். அது குறிப்பேட்டிலேயே இருந்திருக்க வேண்டும்.

ஏறக்குறைய இதே நீளத்துக்கு மலையாளத்தில் ஒரு சொந்தச் சொல் உண்டு என்பதை இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. ஞாற்றுவேலை என்பது சூரியன் ஒரு நட்சத்திரத்தில் நிற்கும் காலம். ஆண்டுக்கு 27, ஒவ்வொன்றும் சுமார் பதின்மூன்றரை நாள். ஜூன் 22ஐ ஒட்டித் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலையில் நட்ட மிளகுக்கொடி தப்பாமல் பிடிக்கும் என்பது இந்த மலையில் எல்லோரும் சொல்வது. போர்த்துகீசியர் மிளகுக்கொடியைக் கொண்டுபோனாலும் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாது என்று கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரி சொன்னதாக ஒரு கதையும் வழங்குகிறது. மழை எப்போது எப்படிப் பெய்யும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம். ‘ஃபோர்ட்நைட்’டில் இரவுகளின் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

‘பைவீக்லி’, ‘பைமன்த்லி’ ஆகிய இரண்டையும் பயன்படுத்தவே கூடாது என்று டீச்சர் தடை போட்டார், அதை முழுமனதோடு ஏற்கிறேன். வாரத்துக்கு இரண்டு முறை, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆகிய இரண்டு பொருளையும் அகராதிகளே தருகின்றன; அப்படிப்பட்ட சொல் கணக்கறிக்கை எழுதுகிறவனுக்கு எதற்கு? ஆனால் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ‘திஸ் ஃப்ரைடே’ என்றால் இந்த வாரத்து வெள்ளி, ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் அடுத்த வாரத்து வெள்ளி என்று அவர் ஒரு விதியாகவே எழுதிப் போட்டார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் ஒத்துப்போவதில்லை. வரப்போகும் முதல் வெள்ளியையே ‘நெக்ஸ்ட்’ என்று சொல்கிறவர்களும் ஏராளம். நம்மிடமும் ‘வருகிற வெள்ளி’யில் சண்டை இல்லை, ‘அடுத்த வெள்ளி’யில்தான் சண்டை. இல்லாத விதியை இருப்பதாகக் கற்பித்தால் மாணவர் துணிச்சலோடு தவறு செய்வார். கிழமையோடு தேதியையும் சேர்த்து எழுதுங்கள் என்று சொல்லியிருந்தாலே போதும்.

இன்னொரு மாறுபாடு ‘ப்ரீபோன்’ பற்றியது. அது பெரும்பாலும் நம் நாட்டில் புழங்கும் சொல், வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘மூவ் ஃபார்வர்டு’ என்று எழுதுங்கள் என்றார் அவர். புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் ‘மூவ்டு ஃபார்வர்டு’ என்றால் கூட்டம் எப்போது என்று யோசித்துப்பாருங்கள். காலம் நம்மை நோக்கி வருகிறது என்று உணர்கிறவர் திங்கள் என்பார். நாம் காலத்துக்குள் நடந்து போகிறோம் என்று உணர்கிறவர் வெள்ளி என்பார். ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் இரண்டு விடையும் வருகின்றன. ‘ப்ரீபோன்’ என்பதற்கோ முன்கூட்டி வைப்பது என்ற ஒரே பொருள்தான். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியும் அதற்கு இடம் கொடுத்துவிட்டது. நம் தேவைக்குப் பயன்படும் நல்ல சொல்லைக் கூச்சப்பட்டு ஒளித்துவைப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டு வகுப்புகள் சட்டம், ஒப்பந்தம் தொடர்பான காலக் கணக்குக்குப் போயின. பத்திரம் எழுதுகிறவர்களுக்கும் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்கும் அவை பெரிய உதவி. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டத்தில், ‘ஃப்ரம்’ என்று எழுதினால் முதல் நாள் கணக்கில் சேராது, ‘டு’ என்று எழுதினால் கடைசி நாள் சேரும் என்று ஒன்பதாம் பிரிவு சொல்கிறது. மாதம் என்றால் பிரிட்டிஷ் நாட்காட்டி மாதம் என்றும் அதே சட்டம் வரையறுக்கிறது. ஆவணியும் மலையாளச் சிங்ஙமும் ஆகஸ்ட் நடுவில் பிறக்கும் ஒரு ஊரில், ‘ஒரு மாதம்’ என்பது எந்த மாதம் என்ற கேள்விக்கு இப்படி ஒரு முடிவு இருப்பது பலருக்குத் தெரியாது. நீளமான காலத்துக்கு அவர் எடுத்த எடுத்துக்காட்டு எங்கள் எல்லோருக்கும் பக்கத்தில் இருப்பது: 1886 அக்டோபர் 29 அன்று எழுதப்பட்ட முல்லைப் பெரியாறு குத்தகை, அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் 999 ஆண்டுகளுக்கு. அணை கட்டி முடிந்ததே 1895இல்தான். வழக்குகளைப் பற்றி வகுப்பில் யாரும் பேசவில்லை, அவரும் பேசவிடவில்லை. ஆங்கிலேயச் சொத்துப் பத்திரங்களில் 99, 999 என்று எழுதும் பழக்கம் இருந்தது, நிலையானது என்று எழுதாமல் ஆனால் யாரும் எண்ணிப் பார்க்க முடியாத ஒரு நீளத்தை எழுதுவதற்கு அது ஒரு வழி என்று மட்டும் விளக்கினார். லோயர் கேம்ப்பிலிருந்து வந்த ஒரு இளைஞர் அந்தக் குத்தகை எந்த ஆண்டில் முடியும் என்று தாளில் கூட்டிப் பார்த்து 2884 என்று சொன்னபோது அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

சின்னச் சின்னத் திருத்தங்கள் நிறையக் கிடைத்தன. நேற்று இரவு என்பதை ‘யெஸ்டர்டே நைட்’ என்றும் இன்று காலை என்பதை ‘டுடே மார்னிங்’ என்றும் மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு ‘லாஸ்ட் நைட்’, ‘திஸ் மார்னிங்’ என்று சொல்லப் பழகினோம். ‘குட் நைட்’ விடைபெறும்போது மட்டும் சொல்வது. இரவு ஒன்பது மணிக்கு வந்து இறங்கும் விருந்தினரை அப்படி வரவேற்றுக்கொண்டிருந்த தங்கும்விடுதி ஊழியர் ஒருவர் அன்றோடு மாற்றிக்கொண்டார். ஊரில் உள்ள மலையேற்றப் பலகைகளில் ‘ஹவர்’ என்ற சொல்லோடு தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘அபாஸ்ட்ரஃபி’ என்ற மேற்புள்ளியைப் பற்றி ஒரு முழு வகுப்பு நடந்தது. ‘மூன்று மணி நேரப் பயணம்’ என்பதில் நாம் நேரங்கள் என்று சொல்லாதது போலவே ‘த்ரீ-ஹவர்’ என்று ஒருமையில் இணைத்துவிட்டால் புள்ளியே வேண்டாம் என்ற விளக்கம் எல்லோருக்கும் புரிந்தது.

‘கப்பிள்’, ‘ஃப்யூ’, ‘செவரல்’ ஆகியவற்றை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது ஏமாற்றம். ‘எ கப்பிள் ஆஃப் டேஸ்’ என்று ஒருவர் எழுதினால் சரியாக இரண்டு நாளா, இரண்டு மூன்று நாளா என்பது எங்கள் தொழிலில் தினமும் எழும் கேள்வி. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதும் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஒலிபெருக்கி பழையது. மழை தகரக் கூரையில் விழும்போது ஒன்றும் கேட்கவில்லை. மின்சாரம் இல்லாமல் நின்றுபோன இரண்டு வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈடுசெய்தார், அதற்காகத் தனியே பணம் கேட்கவில்லை. இறுதித் தேர்வு கோடிட்ட இடத்தை நிரப்புவதாக மட்டும் இருந்தது. ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தால் யார் எவ்வளவு கற்றார்கள் என்பது தெரிந்திருக்கும்.

பேச்சு ஆங்கிலம் மட்டும் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த வகுப்பு மெதுவாகத் தோன்றலாம். கடிதம், ரசீது, முன்பதிவு, ஒப்பந்தம் என்று தேதியோடு தொடர்புள்ள வேலை செய்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். கம்பம் பக்கம் திரும்பிப் போக வேண்டியவர்கள் முதல் நாளிலேயே சொல்லிவிட்டால் பேருந்தைப் பிடிக்க ஏழே முக்காலுக்கு விடுகிறார். அடுத்த அணி ஓணம் விடுமுறை முடிந்த பின் வரும் முதல் திங்கட்கிழமை தொடங்குகிறது. குறிப்பேட்டின் புதிய பதிப்பில் தமிழ் விளக்கத்தை நான் எழுதிக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன், அதில் ‘ஃபோர்ட்நைட்’டுக்கு எதிரே 14 என்று இருக்கும்.